மலாவியிலும் ஒரு கோப்பாய்

1

டென்மார்க்கில் அரசாங்கம் கடிதத்தைக் கதவில் போடுவதில்லை, கைத்தொலைபேசிக்குள் போடுகிறது. முதலில் 'உங்களுக்கு ஒரு கடிதம் வந்துள்ளது' என்று மட்டும் சொல்லும். யாரிடமிருந்து, என்ன விஷயம் என்று அறிய வேண்டுமானால், நான்தான் நான் என்று இரண்டு மூன்று தடவை நிரூபிக்க வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேலாக நான் இந்த நாட்டில் விடாமல் செய்துவரும் வேலை அதுதான்.

அன்று எங்கள் ஊர் இக்காஸ்டில் ஒரு கடையில் பாலும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது தொலைபேசி முனகியது. திறந்து பார்த்தேன். இரண்டு பனிக்காலத்துக்கு முன்னர் நான் போட்ட குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றிய கடிதம். மிகவும் மரியாதையான மொழியில் இருந்தது. இந்த நாட்டு அலுவலகம் மரியாதையாக எழுதத் தொடங்கினால் நான் இரண்டாம் தடவையும் வாசிப்பேன்.

சாரம் இவ்வளவுதான். இலங்கைக்குப் போகவில்லை என்று நீங்கள் சத்தியக்கூற்றில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் நீங்களே அனுப்பிவைத்த வேலைப் பத்திரங்களின்படி கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி ஆகிய இடங்களில் பல தடவை தங்கியிருக்கிறீர்கள். இந்த இடங்கள் இலங்கையின் வடக்கில் இருப்பதை நாங்கள் வரைபடத்தில் கண்டோம். நான்கு கிழமைக்குள் விளக்கம் தரவும்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வண்டிலைச் சற்றுத் தள்ளி வைத்தாள். இங்கே வரிசையில் தனியாகச் சிரிப்பவனை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து கார்க் கதவைச் சாத்தும்போது சிரிப்பு போய்விட்டது. இதை இனிச் சுகந்திக்குச் சொல்ல வேண்டும்.

2

சுகந்தி என் மனைவி. பிறந்து வளர்ந்தது கோப்பாயில். அவளும் எங்கள் மகள் அபியும் டெனிஷ் குடிமக்களாகிப் பல காலம். வீட்டில் நான் ஒருவன்தான் இன்னும் அகதி. இதற்கு என் சோம்பலும் ஆபிரிக்காவும் சரிபாதி காரணம். விண்ணப்பம் போடலாம் என்று உட்காரும் நேரம் அங்கே எங்காவது நாங்கள் நட்ட ஒரு கைத்தொலைபேசிக் கோபுரம் விழுந்திருக்கும், ஓடவேண்டும். திரும்பி வந்து பார்த்தால் சட்டத்தை மாற்றியிருப்பார்கள். மொழிப் பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டேன். சைக்கிள் ஓட்டுவதன் நன்மைகளை எழுதச் சொன்னார்கள். நான் எதிர்காற்றின் தீமைகளை எழுதினேன்.

அதனால் என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கும். மலாவி விமான நிலையத்தில் ஒரு குடிவரவு அதிகாரி அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். உலகம் முழுக்கப் போகலாம், உன்னுடைய நாட்டுக்கு மட்டும் போகக்கூடாதென்றால் நீ அங்கே என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, நான் ஒரு எஞ்சினியர் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் சுகந்தியின் தகப்பனார் தவறிப்போனார். நான் மலாவியில் நின்றேன். அங்கே நிற்காவிட்டாலும் இந்தப் பத்திரத்தோடு போயிருக்க முடியாது. அவள் தனியாகப் போனாள். செத்தவீட்டுக்கு வந்த சனம் உன்ரை மனுசன் எங்கே என்று கேட்டது. ஆபிரிக்காவில் கோபுரம் கட்டுகிறார் என்றாளாம். எந்தச் சாமிக்கு என்று ஒரு மாமி கேட்டாராம். இன்னொரு மாமி ஒன்றும் கேட்காமல் அவளுடைய கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாராம். எனக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாக அந்தத் தடவலுக்கு அர்த்தம்.

திரும்பி வந்து சூட்கேசை விறாந்தையில் வைத்தபடியே சுகந்தி சொன்னாள், இனிக் கோப்பாயில் கால் வைப்பதானால் உங்களோடுதான், இல்லாவிட்டால் இல்லை என்று. கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு தன் தம்பியாரின் கலியாணத்துக்கே அவள் போகவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த விண்ணப்பத்தை எழுதியது உண்மையில் நானல்ல, அந்தச் சூட்கேஸ். எனக்குக் கடவுச்சீட்டு கிடைத்தால் இந்த வருடக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து போவதென்று முடிவு. கிடைக்காவிட்டால் அவளும் இல்லை.

3

இனி, மலாவிக்குள் கோப்பாய் எப்படி வந்தது என்ற கதை.

அப்போது நான் ஒரு டெனிஷ் கம்பனியில் வேலை. ஆபிரிக்க நாடுகளில் கைத்தொலைபேசிச் சேவை கொண்டுவருவோருக்குக் கோபுரங்களைத் திட்டமிட்டு நிறுவிக் கொடுப்பது தொழில். எந்த மலையில் வைத்தால் எந்தக் கிராமத்துக்குக் கேட்கும், ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் தெரிகிறதா, மழைக்குள் லொறி ஏறுமா என்று பார்ப்பவன் நான். மலாவியின் வடக்கில் நாற்பத்திரண்டு கோபுரங்கள் எங்கள் தலையில் விழுந்தன.

ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்து இடங்களுக்கு வரைபடத்தில் ஒரு பெயர், மாவட்டக் கந்தோரில் இன்னொன்று, ஊர்த் தலைவரைக் கேட்டால் மூன்றாவது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மேலாளர் யென்ஸ் வந்து, இரும்புக்கு இன்றைக்கு ஓடர் போகவேண்டும், நாலு மணிக்குள் நாற்பத்திரண்டு பெயர் தா, ஒன்றைப்போல இன்னொன்று இருக்கக்கூடாது, பிறகு மாற்றலாம் என்றார். யென்ஸ் வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்கு மேல் மனிதரோடு பேசமாட்டார். அவருக்குத் தோட்டம் இருந்தது.

ஒன்றைப்போல இன்னொன்று இல்லாத நாற்பத்திரண்டு பெயர் எனக்கு வரிசையாகத் தெரிந்தது பஸ் தரிப்பிடங்கள்தான். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போய்வந்த ஐந்து வருடத்தில் கொண்டக்டர்மார் என் காதுக்குள் ஏற்றியது. ஒரே பாதையில் ஏறிவந்த கோபுரங்களுக்கு அதே வரிசையில் பெயர் வைத்தேன். அந்தப் பாதை முடிய வேறு பாதை, அது முடியத் தீவுகள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேலை முடிந்தது.

பிறகு மாற்றுவது என்று ஒன்று நடக்கவேயில்லை. யென்ஸ் அவற்றை ஆபிரிக்கப் பெயர்கள் என்று நினைத்திருந்தார். மலாவியில் இருந்தவர்கள் அவை டெனிஷ் பெயர்கள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் மற்றவர் மனம் நோகக்கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. நான் போய் இறங்கும்போது வேலிகளில் தகரப் பலகை அடித்திருந்தது. சூரியன் உச்சியில் நிற்க, கரடுமுரடான ஒரு மலையில், ஆங்கிலப் பெரிய எழுத்தில் கோப்பாய்.

அந்த மலைதான் எங்களை ஆகக் கூடப் பாடுபடுத்தியது. லொறி மூன்று தடவை புதைந்தது. ஊர்த் தலைவர் இடம் தரும்போது போட்ட ஒரே நிபந்தனை, வேலை முடியுமட்டும் நான் அவர் வீட்டில் தங்கவேண்டும் என்பது. கோபுரம் விழுந்தால் முதலில் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமல்லவா என்று சிரித்தபடி சொன்னார். கோபுரத்துக்குக் காவலாக கிஃப்ட் என்று ஒருவரை வைத்தோம். என்னைவிடப் பத்து வயது இளையவர், நாலு பிள்ளைகளின் தகப்பன். கோபுரத்தின் டீசல் எஞ்சினில் வயர் இழுத்து, சுற்றுவட்டாரத்துத் தொலைபேசிகள் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். கோப்பாயில் மட்டும் ஏன் டீசல் இவ்வளவு போகிறது என்று யென்ஸ் கேட்டு எழுதினார். வெப்பம் அதிகம் என்று பதில் போட்டேன். தொலைபேசியில் சார்ஜ் இல்லாத ஊரில் கோபுரம் நட்டு என்ன செய்வது?

4

விண்ணப்பத்துக்கு, நான் டென்மார்க்கை விட்டு வெளியே நின்ற நாட்களுக்கெல்லாம் ஆதாரம் கேட்டார்கள். கம்பனியை யாரோ வாங்கி மூடிவிட்டார்கள். பழைய பயணப் பத்திரங்களைப் புதியது எடுக்கும்போது திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னிடம் மிஞ்சியது நிலவறையில் கிடந்த ஒரு கோப்பு. கோபுரங்களை வேலை முடித்து ஒப்படைத்த பத்திரங்கள். ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர், திகதிகள், கையெழுத்து. நாட்டின் பெயர் கோப்பின் அட்டையில் இருந்தது. அட்டையை ஈரம் தின்றுவிட்டது. நானும் கூடிப்போனால் ஒரு மணித்தியாலம் செலவழித்து, பார்க்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அனுப்பிவிட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டது அப்படித்தான்.

சுகந்தி பக்கத்து நகரம் ஹேர்னிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்ததும் கடிதத்தையும் கோப்பையும் மேசையில் வைத்தேன். அவளும் முதலில் சிரித்தாள். பெயர் வைத்த கதை அவளுக்கு அன்றுவரை தெரியாது. உன்னுடைய ஊரின் பெயரை ஆகப் பெரிய தலையிடிக்கு வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒரு தாளில் கை நின்றது.

"இஞ்சேருங்கோ, அப்பான்ரை செத்தவீட்டுக் கிழமை நீங்கள் கோப்பாயிலை நிண்டிருக்கிறியள். நான் காணேல்லையே."

பகிடியாகத்தான் சொன்னாள். அடுத்த வரிக்குப் போனதும் முகம் மாறியது.

"இது எங்கடை கோப்பாய் வீட்டு நம்பரெல்லே?"

"ஓம்."

"பக்கத்திலை என்ன எழுதிக் கிடக்கு?"

அவளுக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தாலும் என் வாயால் கேட்க நினைத்தாள்.

"சோதனை அழைப்பு. மூண்டு நிமிசம். வெற்றி."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்பா நடு வீட்டுக்குள்ளை கிடக்கிறார். நீங்கள் எடுத்து, குரல் தெளிவாய்க் கேக்குதோ எண்டு கேட்டனியள். அழுகையிலை உங்களுக்கு வேறை கதை வரேல்லையாக்கும் எண்டு நான் ஒன்பது வருசமாய் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

நான் எழுதுவது உங்களைச் சிரிக்க வைக்கத்தான். ஆனால் இந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். அந்த மலையிலிருந்து யாரோடும் பேச முடியாது. மாமா போன செய்தியைக் கீழே பட்டணத்துக்குப் போய்வந்த சாரதிதான் கொண்டுவந்தார். கோபுரம் உயிர் பெற இன்னும் நாலு நாள் இருந்தது. நான் ஆட்களை நெருக்கி, அன்றே அன்டெனாவைக் கையால் திருப்பித் திருப்பி அடுத்த மலைக்கு நேராக்கி, எஞ்சினைப் போட வைத்தேன். அந்தக் கோபுரத்திலிருந்து போன முதல் அழைப்பு சுகந்திக்குப் போனது. அவளோடு பேசத்தான் அவ்வளவும் செய்தேன்.

அதுவும் உண்மை, இதுவும் உண்மை. கோபுரத்தை ஒப்படைக்கும் பத்திரத்தில் ஒரு சோதனை அழைப்பு எழுத வேண்டும். குறைந்தது மூன்று நிமிடம் இருக்கவேண்டும், மறுபக்கத்தில் குரல் தெளிவா என்று கேட்கவேண்டும். அவள் அழுதுகொண்டிருக்க என் கண் கருவியில் ஓடிய எண்களில் இருந்தது. பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. வைத்த பிறகு, எப்படியும் ஒன்று எழுதத்தானே வேண்டும் என்று அந்த அழைப்பையே எழுதினேன். இதை அன்று சுகந்திக்குச் சொல்லி முடிக்கையில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எழுந்து போய்க் குளித்தாள். அடுத்த நாலு நாளும் அவள் என்னோடு பேசியது இரண்டே சொல்: சோறு கிடக்கு.

5

அலுவலகத்தின் கண்ணுக்கு நிலைமை இன்னும் மோசம். தங்கிய இடம் கோப்பாய். தொலைபேசி எடுத்த இலக்கமும் கோப்பாய். பக்கத்து வீட்டுக்கு எடுத்ததைப்போல இருந்தது. இலங்கைக்குச் செல்லாத பத்திரத்தோடு எப்படிப் போனேன் என்று கேட்கலாம். வேறு நாட்டு வழியால் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள், அதை அவர்களும் அறிவார்கள்.

டோஸ்ட்ருப்பில் இருக்கும் மகள் அபிக்கு எடுத்தேன். ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நான் தமிழில் சொல்ல அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டில் அதுதான் உரையாடல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் படம் கீறச் சொன்னால் விமானத்தைக் கீறியவள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு "ஹெல்ட் ஏர்லிட்" என்றாள். உண்மையாகத்தான் சொல்கிறாயா என்று அர்த்தம். என்னோடு பேசும்போது அவள் அதிகம் பாவிக்கும் சொல். பிறகு அவளுடைய குரல் இளகியது. ஊரை நினைத்து அவ்வளவு ஏங்கினீர்களா அப்பா என்று டெனிஷில் கேட்டாள். இல்லை, நாலு மணிக்குள் நாற்பத்திரண்டு பெயர் தேவைப்பட்டது என்றேன். ஏமாந்துபோனாள். அம்மா பேசுகிறாவா என்று கேட்டாள். சோறு கிடக்கிறதாம் என்றேன்.

கோப்பாய் மலாவியில் இருக்கிறதென்று மலாவியிலிருந்துதான் யாராவது சொல்லவேண்டும் என்பது அபியின் ஆலோசனை. கிஃப்டின் இலக்கம் என்னிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் எழுதினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. கோப்பாய் இருக்கிறதா என்று எவன் கேட்கிறான், நான் அதற்குள்ளேதான் நிற்கிறேன் என்று எழுதியிருந்தார். பின்னாலேயே படங்கள் வந்தன. வேலியில் என்னுடைய பலகை, துரு ஏறி. கோப்பாய் பலசரக்குக் கடை. கோப்பாய் சலூன். கோப்பாய் முழு நற்செய்திச் சபை. கிஃப்ட் இப்போது காவல்காரரல்ல. கோப்பாய் தொலைபேசி நிலையத்தின் முதலாளி. ஊர் முழுக்க அந்தப் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஊரின் பழைய பெயரை இன்னும் வைத்திருப்பது தலைவர் மட்டும்.

இரண்டு நாளில் தலைவரின் கடிதமும் வந்தது, ஊதா முத்திரையோடு. கோப்பாய் என் எல்லைக்குள் இருக்கிறது. இந்த மனிதர் அந்த நாட்களில் என் வீட்டில் படுத்தார். என் கோழிகளில் ஐந்தைத் தின்றார். ஆகவே அவர் அதே நேரம் இலங்கையில் இருந்திருக்க முடியாது.

அபி மொழிபெயர்க்கும்போது கோழிகளை எடுத்துவிடப் பார்த்தாள். நான் விடவில்லை. எந்த அலுவலகமும் என்னைச் சந்தேகிக்கலாம். கோழியைச் சந்தேகிக்க முடியாது.

கிஃப்ட் கடைசியாக ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். மினிபஸ்ஸுக்குள் எடுத்தது. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே ஒரு கொண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறான், அந்த ஊர் நாக்கில்: அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி, கோப்பாய். நான் குசினியில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சுகந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை அவளுடைய கையில் கத்தி நின்றது.

"இடையிலை ஆவரங்காலை விட்டிட்டான்," என்றாள்.

"அங்கை கோபுரம் வைக்கேல்லை. மலை மறைச்சது."

"சிறுப்பிட்டி?"

"லொறி போகப் பாதை இல்லை."

அவள் திரும்பவும் வெட்டத் தொடங்கினாள். சற்று நேரம் கழித்து, முதுகைக் காட்டியபடி, நீங்கள் எடுத்த அண்டைக்கு மலையில் மழையா என்று கேட்டாள். இல்லை, நல்ல வெயில் என்றேன். என்னோடு யார் நின்றது என்று கேட்டாள். கிஃப்ட் நின்றார், நான் பேசி முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார், யார் என்று கேட்கவில்லை என்றேன். இதை நான் முன்பு ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று சோற்றோடு மீன்குழம்பும் கிடந்தது.

6

இப்போது எனக்கு வேலை ஹோர்சன்ஸில், ஒரு பெரிய களஞ்சியத்தில். பெட்டி தூக்கும் வண்டிகளுக்குச் சிக்னல் விட்டுப் போகாமல் பார்ப்பது. நாற்பத்திரண்டு கோபுரம் நட்டவன் ஒரு கூரைக்குக் கீழே வண்டிகளுக்குப் பின்னால் ஓடித் திரிகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை, பெட்டிகள் அடுக்கும் பன்னிரண்டாம் இறாக்கைக்குப் பின்னால் நிற்கும்போது தொலைபேசி முனகியது. நான்தான் நான் என்று நிரூபித்தேன்.

விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாராளுமன்றம் அடுத்து நிறைவேற்றும் குடியுரிமைச் சட்டத்தில் என் பெயர் சேரும். பிறகு கொமூன் என்னும் நகரசபையில் ஒருவரோடு கை குலுக்கினால் நான் டெனிஷ்காரன். கோழிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பன்னிரண்டாம் இறாக்கைக்குப் பின்னால் யாருக்கும் சிக்னல் சரியாகக் கிடையாது. அது என் தொழில் ரகசியம். வாகனத் தரிப்பிடத்துக்கு வெளியே நடந்து போய்ச் சுகந்திக்கு எடுத்தேன். அவள் இடைவேளையில் இருந்தாள். கிடைத்துவிட்டது என்றேன். ஆ, என்றாள். அதற்குப் பிறகு சொல்ல வைத்திருந்த பகிடி எதுவும் எனக்கு வரவில்லை. காற்று ஊதிக்கொண்டிருந்தது. மறுபக்கமும் சத்தமில்லை. லொறிச் சாரதி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது, நல்ல நேரம் போயிருக்கும்.

"கலோ," என்றாள் சுகந்தி. "குரல் தெளிவாய்க் கேக்குதோ?"

"கேக்குது."

"அப்ப வெற்றி எண்டு எழுதிப்போட்டு, ரிக்கெற்றைப் போடுங்கோ. ரெண்டு பேருக்கும்."